படித்துக் காட்டாமல் வாங்கிய கையெழுத்து

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் மாவட்டச் செய்திப் பக்கத்தை நாற்பது ஆண்டுகளாகப் படித்து வருகிறேன். வரப்புத் தகராறு, பாகத் தகராறு, அண்ணன் தம்பி கைகலப்பு என்று நான்கு வரிச் செய்தி ஒன்று வராத வாரம் இல்லை. "சொத்துத் தகராறு காரணமாக" என்ற மூன்று சொல்லோடு காரணமும் முடிந்துவிடும். திருவாரூர் மாவட்டத்தில் ஒரு சார்பதிவாளர் அலுவலக வாசலில், முதலில் உதவியாளாகவும் பிறகு உரிமம் பெற்ற பத்திர எழுத்தராகவும், 1980 முதல் 2018 வரை உட்கார்ந்திருந்தவன் நான். அந்த மூன்று சொல்லுக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்பதைக் கிட்டத்தில் பார்த்தவன். என் வீட்டிலேயே பார்த்தவன். அதைச் சொல்லத்தான் எழுதுகிறேன். கடிதம் நீண்டுவிட்டது, பொறுத்தருள வேண்டும்.

நாங்கள் மூன்று பேர். நான் மூத்தவன், அடுத்து தங்கை, கடைசியாகத் தம்பி. அப்பா தம் கையால் சம்பாதித்து வாங்கிய நஞ்சை எட்டு மா. இன்றைய கணக்கில் 2 ஏக்கர் 64 செண்ட். 1990ஆம் ஆண்டு ஐப்பசி அடைமழையில் அப்பா காலமானார். பதினாறாம் நாள் காரியம் முடிந்த மறுநாள், தங்கை ஊருக்குக் கிளம்புவதற்கு முன்பாக, "ஒரு கையெழுத்துப் போட்டுவிட்டுப் போய்விடு" என்று அவளையும் அம்மாவையும் பதிவு அலுவலகத்துக்கு அழைத்துப்போனோம். பத்திரத்தை நானே எழுதி வைத்திருந்தேன். விடுதலைப் பத்திரம். அம்மாவும் தங்கையும் தங்கள் பாகத்தை எனக்கும் தம்பிக்கும் விட்டுக்கொடுப்பதாக எழுதியிருந்தது. ஆளுக்கு ஐந்நூறு ரூபாய் ரொக்கமாகப் பெற்றுக்கொண்டார்கள் என்றும் எழுதியிருந்தேன். அந்த ஐந்நூறையும் நாங்கள் கொடுக்கவில்லை.

தெரியாமல் செய்த தவறு என்று சொல்லித் தப்ப எனக்கு வழியில்லை. அதற்கு முந்தைய ஆண்டுதான் தமிழ்நாட்டில் பெண்களுக்குப் பூர்வீகச் சொத்தில் சம உரிமை தந்த திருத்தச் சட்டம் வந்திருந்தது. 1989 மார்ச் 25க்கு முன்பே திருமணமான பெண்களுக்கு அது பொருந்தாது. என் தங்கைக்கு 1981இலேயே கல்யாணம் ஆகிவிட்டது. ஊரில் எல்லோரும் அதைச் சொல்லியே வாயடைத்தார்கள். ஆனால் எங்கள் நிலம் பூர்வீகம் அல்ல, அப்பாவின் சுயார்ஜிதம். உயில் எழுதாமல் இறந்தவரின் சுயார்ஜிதச் சொத்தில் மனைவிக்கும் மகனுக்கும் மகளுக்கும் சமபங்கு என்று 1956ஆம் ஆண்டின் இந்து வாரிசுரிமைச் சட்டமே சொல்லிவிட்டது. நாலு பேருக்கு ஆளுக்கு இரண்டு மா. வருகிறவர்களுக்கெல்லாம் அந்தக் கணக்கைப் போட்டுக் கொடுத்துக்கொண்டிருந்தவன் நான்.

என் தொழிலில் ஒரு முறை உண்டு. எழுதி முடித்த பத்திரத்தை, எழுதிக்கொடுப்பவரை எதிரே உட்காரவைத்து உரக்கப் படித்துக் காட்ட வேண்டும். சொத்து விவரம் வரும்போது நிறுத்தி, கிழக்கே யார், மேற்கே யார் என்று நான்கு எல்லையையும் சொல்லிச் "சரிதானே?" என்று கேட்பேன். எழுதப் படிக்கத் தெரியாத கிழவிகளும் "அந்த வாய்க்கால் மேற்கே இல்லை ஐயா, வடமேற்கே" என்று திருத்தியிருக்கிறார்கள். அன்று தங்கைக்கு நான் படித்துக் காட்டவில்லை. ஒவ்வொரு தாளாகப் புரட்டி, கையெழுத்துப் போட வேண்டிய இடத்தில் விரலை வைத்தேன். அவள் போட்டாள். உள்ளே சார்பதிவாளர் "சம்மதம்தானா?" என்று கேட்டார். தலையசைத்தாள். இடது கைப் பெருவிரலில் மை தடவி ரேகை வைத்தார்கள். அந்த மையைப் புடவைத் தலைப்பில் துடைத்துக்கொண்டே பஸ் ஏறினாள்.

சண்டை ஒன்றும் நடக்கவில்லை. இதைத்தான் எல்லோரும் தவறாகப் புரிந்துகொள்கிறோம். சத்தம் வந்தால்தான் சண்டை என்று நினைக்கிறோம். 1992இல் அவள் இளைய மகனுக்குக் காதுகுத்து. தாய்மாமன் நான் இருக்கிறேன், தம்பி இருக்கிறான். எங்கள் சித்தப்பா மகனை அழைத்து அவன் மடியில் பிள்ளையை உட்காரவைத்தாள். எங்களுக்குப் பத்திரிகை வந்தது, வெற்றிலைபாக்கோடு வந்து அழைக்கவில்லை. அடுத்த தையில் பொங்கல் சீர் கொண்டுபோனவரிடம் "வைத்துக்கொள்ள இடமில்லை" என்று திருப்பிக் கொடுத்தனுப்பினாள். 2006இல் என் மகள் கல்யாணத்துக்கு வந்தாள், மொய் எழுதினாள், பந்தியில் உட்காராமல் போய்விட்டாள். 2009இல் அம்மா போனபோது வந்து மூன்று நாள் இருந்தாள், என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. ஊரார் மாப்பிள்ளையைக் குற்றம் சொன்னார்கள், என் மனைவியைக் குற்றம் சொன்னார்கள். பாகத் தகராறு என்றால் வீட்டுக்கு வந்த மருமகள்தான் காரணம் என்று சொல்லிவிடுவது நம்மவர்களுக்குச் சுலபமாக இருக்கிறது. முப்பத்தெட்டு ஆண்டில் நான் பார்த்த தகராறுகளில் பெரும்பாலானவை ஒரே வயிற்றில் பிறந்தவர்கள் ஒருவரை ஒருவர் கேட்காமல் செய்த காரியத்தால் வந்தவை. அந்த மருமகள்கள் பாவம், வரும்போதே எரிந்துகொண்டிருந்த வீட்டுக்கு வந்தவர்கள்.

2018 நவம்பரில் கஜா புயல் அடித்தது. தங்கை வாழ்க்கைப்பட்டது வேதாரண்யம் பக்கம். நான்கு நாள் கழித்து, தார்ப்பாயும் ஒரு மூட்டை அரிசியும் ஏற்றிக்கொண்டு நான் தனியாகப் போனேன். ஓட்டு வீட்டில் பாதி இல்லை. தென்னைகள் ஒரே பக்கமாகத் தலைசாய்ந்து கிடந்தன. உள்ளே வரச் சொன்னாள். கடுங்காப்பி போட்டுக் கொடுத்தாள். நான் குடித்து முடிக்கும்வரை எதிரே நின்றாள். பிறகு கேட்டாள்: "ஊரார் பத்திரத்தையெல்லாம் படித்துக் காட்டித்தானே கையெழுத்து வாங்குவீர்கள்? என் பத்திரத்தை மட்டும் ஏன் அண்ணே படித்துக் காட்டவில்லை?"

இருபத்தெட்டு வருஷம் அவள் மனத்தில் இருந்த கேள்வி அது. நிலத்தைப் பற்றி ஒரு சொல் இல்லை. "கேட்டிருந்தால் நானே எழுதிக் கொடுத்திருப்பேனே" என்றும் சொன்னாள். என்னால் பதில் சொல்ல முடியவில்லை.

அடுத்த தை மாதம் அந்தப் பழைய பத்திரத்தை எடுத்துக்கொண்டு மறுபடி போனேன். திண்ணையில் உட்கார்ந்து முதல் வரியிலிருந்து படித்துக் காட்டினேன். "யாருடைய தூண்டுதலும் நிர்ப்பந்தமும் இன்றி மனப்பூர்வமாகச் சம்மதித்து எழுதிக்கொடுத்த" என்று என் கையெழுத்திலேயே இருந்த வரியை வாய்விட்டுப் படிக்கும்போது என் குரல் எனக்கே கேட்கவில்லை. தங்கை தாளை வாங்கித் திருப்பினாள். முத்திரைத்தாளின் பின்புறத்தில், அதை வாங்கியவர் பெயரும் வாங்கிய தேதியும் முத்திரைத்தாள் விற்பனையாளர் எழுதியிருப்பார். என் பெயர் இருந்தது. அப்பா இறந்த ஆறாம் நாள் தேதி இருந்தது. "கல்லெடுப்புக் காரியம்கூட ஆகவில்லையே அண்ணே" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள்.

அம்மாவும் போய்விட்ட பிறகு மூன்று பேருக்கும் சமமாகப் பிரித்தால், என்னிடமிருக்கும் 400 குழியில் (ஒரு மாவுக்கு நூறு குழி) 133 குழி, அதாவது 44 செண்ட் அளவு, அவளுடையது. அதை அந்த ஆண்டே அவள் பெயருக்கு செட்டில்மெண்ட் எழுதிப் பதிவு செய்தேன். பதிவுக்கு முன் முழுவதும் படித்துக் காட்டினேன். தெற்கு எல்லையாக "மூங்கில் குத்துக்கு வடக்கு" என்று படித்ததும் நிறுத்தச் சொன்னாள். "மூங்கில் குத்து அப்பா இருக்கும்போதே போய்விட்டதே! அந்த இடத்தில் நிற்பது இலுப்பை." மூலப் பத்திரத்தைப் பார்த்து நான் எழுதியது அது. 1990இல் எழுதிய பத்திரத்திலும் அதே மூங்கில் குத்துதான் இருக்கிறது. சிறுவயதில் அப்பாவுக்குக் கஞ்சி தூக்கிக்கொண்டு வரப்பில் நடந்தவள் அவள். அலுவலக வாசலில் உட்கார்ந்தே காலம் கழித்த எனக்கு அது தெரியவில்லை.

இத்துடன் கதை முடிந்திருந்தால் இந்தக் கடிதத்தை எழுதியிருக்க மாட்டேன். தங்கைக்கு எழுதிக் கொடுத்தபோது தம்பியிடம் நான் ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொன்னால் தடுப்பான் என்று நினைத்தேன். 1990இல் தங்கையைப் பற்றி நினைத்ததும் இதேதான். அவள் பங்காக நான் அளந்து விட்ட இடம், தம்பியின் வயலுக்கு வண்டி போகும் பாதையை மறித்துவிட்டது. முதலில் பேச்சு நின்றது. பிறகு வக்கீல் நோட்டீஸ் வந்தது. சென்ற ஆண்டு வழக்கும் வந்துவிட்டது: பாதையை மறிக்கக் கூடாது என்று தம்பி வாதி, நானும் தங்கையும் பிரதிவாதிகள்.

அந்த வழக்கை நீதிபதி சமரசத்துக்கு அனுப்பியதுதான் எங்களுக்கு நல்லதாகப் போயிற்று. உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 89ஆம் பிரிவில் இதற்கு வழி இருக்கிறது. 2005 ஏப்ரலில் சென்னை உயர் நீதிமன்றத்தில் தொடங்கிய சமரச மையம் இன்று மாவட்ட நீதிமன்ற வளாகங்களிலும் இயங்குகிறது. நீதிமன்றம் அனுப்பும் வழக்குக்குக் கட்டணம் இல்லை. சமரசம் ஆனால் நீதிமன்றக் கட்டணமும் திரும்பக் கிடைக்கும். நாமே வெளியே பேசித் தீர்த்துக்கொண்டாலும் அது திரும்பக் கிடைக்கும் என்று 2021 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் நம் தமிழ்நாட்டு வழக்கு ஒன்றில் சொல்லிவிட்டது. இத்தனை வருஷம் பத்திரம் எழுதிய எனக்கே சமரச மையம் என்றால் என்னவென்று உள்ளே போன பிறகுதான் தெரிந்தது.

ஊர்ப் பஞ்சாயத்துகளை நிறையப் பார்த்திருக்கிறேன். குரல் பெரியதாக உள்ளவர் பேசுவார், பெண்கள் கதவுக்குப் பின்னால் நிற்பார்கள், கடைசியில் "நாலு பேர் சொல்லுக்குக் கட்டுப்படு" என்று முடிப்பார்கள். மறுநாளே வரப்பை வெட்டுவார்கள். சமரச மையத்தில் ஒரு மேசையைச் சுற்றி எல்லோருக்கும் ஒரே மாதிரி நாற்காலி. ஒருவர் பேசி முடிக்கும்வரை அடுத்தவர் குறுக்கிடக் கூடாது என்று சமரசர் முதலிலேயே சொல்லிவிட்டார். யார் சொல்வது சரி என்று அவர் தீர்ப்புச் சொல்வதில்லை. தேவையானால் ஒவ்வொருவரையும் தனியாக அழைத்துப் பேசுகிறார். அங்கே பேசியதை வழக்கில் சாட்சியாக எடுக்க முடியாது, வெளியிலும் சொல்லக் கூடாது. ஆகவே அங்கே யார் என்ன பேசினார்கள் என்று நான் எழுதப்போவதில்லை.

இரண்டாம் அமர்வு முடிந்து வெளியே டீக்கடையில் தம்பி என்னிடம் சொன்னதை மட்டும், அவன் சம்மதத்தோடு எழுதுகிறேன். "நீ பத்தாம் வகுப்பு முடித்துப் பேனா பிடிக்கப் போனாய். என்னை எட்டாம் வகுப்போடு நிறுத்தி ஏரில் பூட்டினார்கள். படிக்கிறாயா என்று யாரும் கேட்கவில்லை. அப்பா படுத்த படுக்கையாக இருந்தபோது தூக்கிச் சுமந்தவன் நான். நீ பத்திரத்தை நீட்டினாய், நான் வாங்கிக்கொண்டேன். அன்று பாவம் செய்ததும் நீ, இன்று தங்கைக்குக் கொடுத்துப் புண்ணியம் தேடிக்கொண்டதும் நீ. இரண்டுக்கும் என்னைக் கேட்கவில்லை. ஊரில் கெட்டவன் மட்டும் நான்."

தம்பி கேட்பது பாதை என்றுதான் வழக்குக் கட்டு முழுவதும் இருக்கிறது. 1970களில் பள்ளிக்கூடத்திலிருந்து நிறுத்தப்பட்ட ஒரு சிறுவனைப் பற்றி அதில் ஒரு வரி இல்லை. எந்த மனுவிலும் அதற்கு இடமும் இல்லை.

ஆசிரியர் அவர்களே, தாங்கள் வெளியிட்டால் நாலு பேர் கண்ணில் படும் என்பதற்காகச் சில வேண்டுகோள்களை எழுதுகிறேன். முதலாவது, துக்க வீட்டில் பத்திரம் வேண்டாம். தூரத்து ஊரிலிருந்தும் வெளிநாட்டிலிருந்தும் பிள்ளைகள் வந்திருக்கிறார்கள், மறுபடி எப்போது சேர்வோம் என்று காரியத்தோடு காரியமாகப் பதிவையும் முடித்துவிட அவசரப்படுகிறார்கள். வாரிசுச் சான்றிதழ் வாங்குங்கள், பட்டா, வில்லங்கம் எல்லாம் எடுத்து வையுங்கள். கையெழுத்தை மட்டும் ஓராண்டு, தலைத்திவசம்வரை தள்ளிப்போடுங்கள். நிலம் எங்கும் போய்விடாது.

2005 செப்டம்பர் 9இல் வந்த மத்தியத் திருத்தச் சட்டமும், மகளுக்குப் பூர்வீகச் சொத்தில் பிறப்பாலேயே உரிமை என்று 2020 ஆகஸ்ட் 11இல் உச்ச நீதிமன்றம் சொன்ன தீர்ப்பும் வந்த பிறகு, "பின்னால் கேஸ் வந்துவிடும், முன்கூட்டியே எழுதி வாங்கிவிடலாம்" என்று சகோதரிகளிடம் கையெழுத்து வாங்குவது கூடியிருப்பதாக, என் இடத்தில் இப்போது உட்கார்ந்திருக்கும் எழுத்தர் சொல்கிறார். சட்டம் கொடுத்த உரிமையே பெண்ணை அவசரப்படுத்தக் காரணமாகிவிட்டது. விட்டுக்கொடுப்பதாக அவள் சொன்னால் அது அவள் பெருந்தன்மை. அதை அவள் வாயால் சொல்ல இடம் கொடுக்க வேண்டும். "உனக்குத்தான் நகை போட்டோமே, சீர் செய்தோமே" என்று சொல்லி வாயை அடைத்துவிட்டு வாங்குவதற்குப் பெயர் விடுதலை அல்ல.

பதிவுத்துறையிடமும் கேட்கிறேன். குடும்பத்துக்குள் எழுதும் விடுதலைப் பத்திரத்தின் வரைவை, விட்டுக்கொடுப்பவர் கையில் ஏழு நாள் முன்னதாகக் கொடுத்ததற்கு அவர் ஒப்பம் இருந்தால்தான் பதிவு என்று ஆக்குங்கள். பதிவின்போது அவரைத் தனியாக அழைத்து, அவருடைய பங்கின் அளவைச் சொல்லிக் கேளுங்கள். "சம்மதம்தானா?" என்ற ஒரு சொல், பின்னால் அண்ணன் நின்றுகொண்டிருக்கும்போது போதாது. 2023 ஜூலையில் குடும்பப் பத்திரங்களுக்கு முத்திரைத் தீர்வையின் உச்சவரம்பை 25,000 ரூபாயிலிருந்து 40,000 ஆகவும், பதிவுக் கட்டணத்தின் உச்சவரம்பை 4,000 ரூபாயிலிருந்து 10,000 ஆகவும் உயர்த்தினார்கள். உயர்த்திய பணத்துக்கு இந்த ஒரு வேலையைச் சேர்த்துச் செய்யலாம். வட்ட சட்டப் பணிகள் குழுவில் வழக்குப் போடுவதற்கு முன்பே மனுக் கொடுத்துப் பேசித் தீர்க்க முடியும் என்றும், பெண்களுக்கு வருமானம் எவ்வளவு இருந்தாலும் அங்கே சட்ட உதவி இலவசம் என்றும் ஒவ்வொரு சார்பதிவாளர் அலுவலகத்திலும் பெரிய எழுத்தில் ஒரு பலகை வைக்கலாம்.

என்னைப் போன்ற பத்திர எழுத்தர்களுக்கு ஒன்று. பாகப்பிரிவினையில் சர்வே எண்ணும் செண்ட் கணக்கும் சரியாக எழுதிவிடுகிறோம். சண்டை வருவது மற்றவற்றில். பொதுக் கிணற்று மோட்டாரை யார் எந்த நாள் ஓட்டுவது, அறுத்த கதிரை எந்த வழியாகக் கொண்டுபோவது, கொல்லைத் தென்னையின் காய் யாருக்கு, குலதெய்வப் படையலை யார் எடுத்துச் செய்வது, இதையெல்லாம் உட்காரவைத்துக் கேட்டு எழுதுங்கள். மோட்டார் முறையை எழுதாமல் விட்ட ஒரு பாகப்பிரிவினையால் பதினான்கு வருஷம் முகம் பார்க்காத சகோதரர்களை எனக்குத் தெரியும். அந்தப் பத்திரமும் நான் எழுதியதுதான். மூத்தவர் பங்கு பிரிக்க, இளையவர் முதலில் எடுத்துக்கொள்ளும் வழக்கம் எங்கள் பக்கத்தில் முன்பு இருந்தது. தான் பிரித்ததில் மிச்சம்தான் தனக்கு என்று தெரிந்தவர் கோணலாகப் பிரிக்க மாட்டார். அதுவும் ஒத்துவராதபோது திருவுளச்சீட்டு எழுதி, வீட்டுக் குழந்தையை விட்டு எடுக்கச் சொல்வார்கள். இவற்றை மறுபடி கொண்டுவரலாம்.

எங்கள் வழக்கில் இதுவரை மூன்று அமர்வு முடிந்திருக்கிறது. நான்காவதற்கு எங்கள் நிலத்தின் வரைபடத்தைக் கொண்டுவரச் சொல்லியிருக்கிறார்கள். வண்டிப்பாதை, இலுப்பை மரம், வாய்க்கால் எல்லாம் குறித்து வரைந்து, முதலில் தம்பிக்கும் தங்கைக்கும் அனுப்பியிருக்கிறேன். தங்கை ஒரு திருத்தம் சொல்லிவிட்டாள். தம்பி இன்னும் ஒன்றும் சொல்லவில்லை. மூன்றாம் அமர்வு முடிந்த அன்று தங்கைக்கு வேதாரண்யம் பஸ். நிற்க இடமில்லாத கூட்டம். தம்பி அவளிடம் ஒன்றும் பேசாமல் அவள் பையை வாங்கி, ஓடிப்போய் ஜன்னல் வழியாக சீட்டில் போட்டு இடம் பிடித்துக் கொடுத்தான். பஸ் திரும்பும்வரை நின்றிருந்தான்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற பத்திர எழுத்தர் ஒருவர்,
திருவாரூர் மாவட்டம்.
(தங்கையும் தம்பியும் இந்தக் கடிதத்தைப் படித்துப் பார்த்துச் சம்மதித்த பிறகே அனுப்புகிறேன். பெயர் வெளியிட வேண்டாம்.)